மொரிஸ் மைனரை வரைந்த அகதி: அலெக் இசிகோனிஸின் வாழ்வு

பெல்மதுளையிலிருந்து காவத்தை, மாதம்பை ஊடாக எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த கொடகவெல, தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் சூழ்ந்த ஒரு சிறு நகரமாகும். தனியார் வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுகளின் பின்னர் 2025இன் தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது முதல், இந்நகரத்துத் தேநீர்க்கடை வாங்குகளில் ஒரு விவாதம் ஓயாமல் நடைபெற்று வருகின்றது. சிறிய கார் வாங்குவதாயின் மூன்று சிலிண்டர் இயந்திரம் போதுமா, அல்லது நான்கு சிலிண்டர்தான் மலைப்பாதைக்குத் தாங்குமா என்பதே அவ்விவாதம். காரையே வாங்கப்போகாதவர்கள்தாம் இதில் அதிகம் குரலெழுப்புகின்றனர் என்பது வேறு விடயம்.

இவ்வினாவின் பின்னால் இயந்திரவியலைக் காட்டிலும் வரிக்கணக்கே அதிகமாக உள்ளது. நம் நாட்டில் காரொன்றின் உற்பத்தி வரி, அதன் இயந்திரக் கொள்ளளவின் ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் இவ்வளவு என்ற முறையில் அறவிடப்படுகின்றது. 1000 என்ற எல்லையைத் தாண்டினால் வீதம் உயர்ந்துவிடும். இதனாலேயே 988 கன சென்ரிமீற்றர் கொண்ட மூன்று சிலிண்டர் டேர்போ இயந்திரத்துடனான ஹொண்டா சிவிக் 2017ஆம் ஆண்டை அடுத்து நம் வீதிகளில் பெருகியது. வேறு நாடுகளில் ஒன்றரை லீற்றர் இயந்திரத்துடன் ஓடும் அதே உடல், இங்கே ஒரு லீற்றருக்குக் குறைவான இயந்திரத்துடன் ஓடுகின்றது. வரி விதிப்போரின் பேனா, சிலிண்டரின் எண்ணிக்கையையும் பருமனையும் தீர்மானிக்கும் இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே சிக்கலுடன் மல்லுக்கட்டிய ஒருவரின் கையால் வரையப்பட்ட காரே, நம் தந்தையர் காலத்தில் இம்மலைகளில் ஏறி இறங்கிய மொரிஸ் மைனர். அவர் பெயர் அலெக்சாண்டர் அர்னோல்ட் கொன்ஸ்டன்டைன் இசிகோனிஸ்.

சப்ரகமுவ தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மொரிஸ் மைனரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோட்டத்துரைமார், டாக்டர்மார் கைகளில் முதலில் இருந்த அக்கார்கள், பின்னர் கடைவீதி வர்த்தகர்களின் கைக்கு வந்து, அதன் பின் வாடகைக் கார்களாகின. இக்கட்டுரையாளரின் சிறுபராயத்தில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கடுமையானாலோ, கொழுந்து பறிக்கச் சென்றவரைப் பாம்பு தீண்டினாலோ, முதலில் ஆளனுப்பப்படுவது கடைவீதியில் கார் வைத்திருந்த நானாவிடமே. நடு இரவிலும் அவர் எழுந்து வருவார். மழையில் நனைந்த மண்பாதையில் அந்தக் கார் முதலாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் ஒலி கேட்டால், நோயாளியின் வீட்டாருக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளின் முதற்பயணமும் தாயின் வயிற்றிலிருந்தபடியே அக்காரில்தான் நிகழ்ந்தது. அக்காரை வரைந்தவர் யாரென்று அன்று எவரும் கேட்டதில்லை.

இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி, உதுமானியப் பேரரசின் பெருந்துறைமுகமான ஸ்மைர்னாவில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மீர் என வழங்கப்படும் நகரமே அது. முஸ்லிம்களும் கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து, ஒரே கடைவீதியில் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர். தந்தை கொன்ஸ்டன்டைன் கிரேக்க வம்சாவளியினர். கப்பல் இயந்திரங்கள் சார்ந்த தொழிற்சாலை நடத்தியவர். பிரித்தானியக் குடியுரிமை பெற்றிருந்தவர். தாய் ஹுல்டா ஜேர்மனியின் பவேரியப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். நீராவி இயந்திரங்களின் நடுவே ஓடித் திரிந்த அச்சிறுவனுக்கு இரும்பின் மொழி இளமையிலேயே பழகிவிட்டது.

முதலாம் உலகப் போர் அக்குடும்பத்தின் அமைதியைக் குலைத்தது. 1919இல் கிரேக்கப் படை ஸ்மைர்னாவில் இறங்கியது. தொடர்ந்த மூன்றாண்டு யுத்தத்தில் அனத்தோலியாவின் முஸ்லிம் கிராமங்கள் பல எரிக்கப்பட்டன. 1922 செப்டெம்பரில் துருக்கியப் படை நகரை மீட்டெடுத்த நாட்களில் கிரேக்க, ஆர்மீனியக் குடியிருப்புகள் தீக்கிரையாகி, கடற்கரையில் இலட்சக்கணக்கானோர் கப்பலுக்காகக் காத்து நின்றனர். யார் தொடங்கினர், யார் முடித்தனர் என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. பிரித்தானியக் குடிகள் என்ற காரணத்தால் இசிகோனிஸ் குடும்பத்தினர் பிரித்தானியக் கப்பலில் ஏற்றப்பட்டு மால்டாத் தீவில் கொண்டுபோய் விடப்பட்டனர். தொழிற்சாலை போயிற்று, வீடு போயிற்று. நோயுற்றிருந்த தந்தை மால்டாவிலேயே உயிர்நீத்தார். பதின்ம வயது மகனையும் விதவைத் தாயையும் லண்டன் வாங்கிக்கொண்டது.

1977இலும் 1983இலும் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு லயங்களை விட்டு ஓடியவர்களும், 1990இல் வடக்கிலிருந்து ஒரே நாளில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் இப்பகுதியை விளக்கமின்றியே புரிந்துகொள்வர்.

லண்டனில் பட்டர்சி தொழினுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் கற்கச் சேர்ந்தார். வரைதலில் அவருக்கு இணை எவருமில்லை, கணிதமோ கைகொடுக்கவில்லை. கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தோல்வியுற்றார். பிற்காலத்தில் கணிதமே படைப்புத் திறனின் பகை என்று சொல்லித் திரிவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. நம் பிள்ளைகள் இதைச் சாட்டாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் வரைந்தவற்றைக் கணக்கிட்டுச் சரிபார்க்க அருகில் எப்போதும் கணிதம் தெரிந்த உதவியாளர்கள் இருந்தனர். தாயும் மகனுமாக ஒரு சிங்கர் காரில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டதும் அக்காலத்திலேயே. வழி நெடுகப் பழுதான அக்கார், நன்கு செய்யப்படாத இயந்திரம் மனிதரை என்ன பாடுபடுத்தும் என்ற பாடத்தைக் கல்லூரியை விடத் தெளிவாகக் கற்பித்திருக்கும்.

1928 முதல் லண்டனில் ஒரு வடிவமைப்பு நிலையத்தில் தானியங்கிக் கிளட்ச் தொடர்பான பணி, 1934இல் கொவென்றியிலிருந்த ஹம்பர் நிறுவனம், 1936இல் ஒக்ஸ்போர்டுக்கு அருகே கவுலியிலிருந்த மொரிஸ் நிறுவனம் என அவர் பணியிடங்கள் மாறின. ஓய்வு நேரத்தில் ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பருடன் சேர்ந்து, பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே ஒரு பந்தயக் காரைச் செய்தார். பாரம் குறைந்த உடலும் தனித்தனியே இயங்கும் சில்லுத் தொங்கல்களும் கொண்ட அக்காரில், பின்னாளைய இசிகோனிஸ் முழுமையாகவே ஒளிந்திருந்தார் எனலாம்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, போர் முடிந்ததும் விற்பதற்கான ஒரு சிறு காரைத் திட்டமிடும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. மொரிஸ் நிறுவனத்தின் மைல்ஸ் தோமஸ் அவருக்குப் பக்கபலமாக நின்றார். திட்டத்துக்கு இட்ட பெயர் மொஸ்கிற்றோ, அதாவது நுளம்பு. ஒரு சிறு உதவிக் குழுவுடன் கதவின் கைப்பிடி வரை அவரே வரைந்தார். முன்சில்லுகளுக்கு முறுக்குத் தண்டுத் தொங்கல், துல்லியமான ஸ்டியரிங், அன்றைய வழக்கத்தைவிடச் சிறிதான 14 அங்குலச் சில்லுகள் என்பன அதில் அமைந்தன.

அதற்கென அவர் எண்ணியிருந்த இயந்திரமே இங்கு நமக்கு முக்கியமானது. அக்காலப் பிரித்தானியாவில் கார் வரி, குதிரைவலு என்ற பெயரில், சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு கணிக்கப்பட்டது. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகின்றது என்பது கணக்கில் வராது. ஆகவே உற்பத்தியாளர்கள் சிலிண்டரை ஒடுக்கி, ஓட்டத்தை நீட்டினர். மொரிஸ் 8 காரின் இயந்திரத்தில் சிலிண்டர் விட்டம் 57 மில்லிமீற்றர். பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீற்றர். மெலிந்து உயர்ந்த மூங்கில் போன்ற அமைப்பு அது. இத்தகைய இயந்திரம் குறைந்த சுழற்சியில் நன்றாக இழுக்கும். வேகமாகச் சுழல விரும்பாது. இசிகோனிஸ் இதற்கு மாற்றாக, இரண்டுக்கு இரண்டாக எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்த நான்கு சிலிண்டர் இயந்திரத்தைத் திட்டமிட்டார். ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் காரின் பின்புறத்தில் காற்றால் குளிர்ந்தபடி இருந்ததும் இவ்வகை இயந்திரமே. இசிகோனிஸினுடையது நீரால் குளிர்வது, முன்புறத்தில் அமைவது. எதிரெதிர்ப் பிஸ்டன்கள் ஒன்றின் அதிர்வை மற்றொன்று விழுங்கிக்கொள்ளும். இயந்திரம் தாழ்ந்து குறுகியிருப்பதால் காருக்குள் இடம் மிஞ்சும். உள்நாட்டு வரிக்கு ஏற்ப 800 கன சென்ரிமீற்றர் அளவிலும், ஏற்றுமதிக்கென 1100 அளவிலும் அது உருவாக்கப்பட்டது.

அந்த இயந்திரம் ஒருபோதும் சந்தைக்கு வரவில்லை. செலவு அதிகமெனப்பட்டது, 1947இன் இறுதியில் மைல்ஸ் தோமஸ் நிறுவனத்தை விட்டு நீங்கினார், 1948இல் எல்லாக் கார்களுக்கும் ஒரே சீரான வரி என்றானதும் அவ்வியந்திரத்தைப் பிறப்பித்த காரணங்களுள் ஒன்றும் மறைந்தது. நிறுவனத்தின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு அக்காரைக் கண்ணில் காட்டவே ஆகாது; நீரில் வேகவைத்த முட்டையென அதன் வடிவத்தை இகழ்ந்தார். இறுதியில் மொரிஸ் 8இன் பழைய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரமே அதனுள் பொருத்தப்பட்டது. கடைசி நேரத்தில் இசிகோனிஸ் மாதிரிக் காரை நெடுக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அதுவே சரியான அகலம் என்று தீர்மானித்தார். அதனால்தான் மொரிஸ் மைனரின் பொனட்டின் நடுவே ஒரு தட்டையான பட்டி மேலெழுந்து ஓடுகின்றது. இதை அறிந்தபின் அடுத்த தடவை அக்காரைக் காண்போர் அந்தத் தையலைத் தவறவிடார்.

1948 ஒக்டோபர் மாதம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொரிஸ் மைனர் வெளிவந்தது. அதே மாதம் பாரிஸில், 375 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் இரண்டே சிலிண்டர்களும் கொண்ட சிட்ரோவென் காரைப் பிரான்ஸ் மக்கள் கண்டனர். ஏழைக்கு ஏற்ற கார் எது என்ற கேள்விக்கு ஐரோப்பா அன்று பல விடைகளைத் தேடிக்கொண்டிருந்தது.

மைனரின் பழைய இயந்திரம் 27 குதிரைவலுவளவே தந்தது. வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்த எளிய இயந்திரம் அது. 1952இல் ஒஸ்டினும் மொரிஸும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் உருவானதும், ஒஸ்டினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மைனருக்குள் வந்தது. வால்வுகள் மேலே அமைந்த இந்த ஏ வரிசை இயந்திரம் 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. வலுவும் 30இலிருந்து 37, பின்னர் 48 என உயர்ந்தது. நம் மலைப்பாதைகளில் நல்ல பெயர் எடுத்தவை பிந்திய இவ்விரண்டுமே. 803 பொருத்திய கார் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் திணறும் என்பதை அதனை ஓட்டியவர்கள் அறிவர்.

படுத்த இயந்திரத்துக்கென அகலமாக விடப்பட்ட முன்னறைக்குள் இந்த ஒடுங்கிய இயந்திரம் வந்து நின்றதால், இரு பக்கமும் கை நுழைய இடம் தாராளமாயிற்று. கைவிடப்பட்ட ஒரு திட்டத்தின் வெற்றிடமே கராஜ்காரர்களுக்குக் கிடைத்த வரம். மேல்மூடியைக் கழற்றிக் கரி சுரண்டுவதும், வால்வு அரைப்பதும் மரத்தடியில் நடக்கக்கூடிய வேலைகளாகின. குறை இல்லாமலும் இல்லை. முன்சில்லைத் தாங்கும் கீழ் மூட்டுக்கு உரிய காலத்தில் கிறீஸ் இடாவிட்டால் அது கழன்று, சில்லு உடலுக்குள் மடங்கிவிடும். ஒரு பக்கம் மண்டியிட்டாற்போல் வீதியோரத்தில் நின்ற மைனர்களை இறக்குவானைப் பக்கத்து வளைவுகளில் நாம் கண்டதுண்டு.

பத்து இலட்சம் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமை 1961ஆம் ஆண்டை ஒட்டி மைனரைச் சேர்ந்தது. உற்பத்தி முற்றாக நின்றபோது தொகை 16 இலட்சத்தை எட்டியிருந்தது. இந்தியாவில் அது பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் ஓடியது. கொழும்பில் மஞ்சள் கூரையிட்ட வாடகைக் காராயிற்று. 1960களிலும் 1977 வரையிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் நம் நாட்டில் கார் இறக்குமதி இறுக்கிக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், வேறிடங்களில் பழைய இரும்பாகிப்போன மைனர்கள் இங்கே தலைமுறை தாண்டின.

இதற்கிடையே இசிகோனிஸ் 1952இல் அல்விஸ் நிறுவனத்துக்குச் சென்றார். எட்டுச் சிலிண்டர் கொண்ட ஆடம்பரக் காரொன்றை அங்கே வடிவமைத்தார். அது உற்பத்திக்கு வரவில்லை. 1955இன் முடிவில் கூட்டுத்தாபனத் தலைவர் லெனர்ட் லோர்ட் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு எகிப்தின் ஜனாதிபதி கமால் அப்துல் நாசர் சுயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுக்கவே கால்வாய் மூடுண்டது. பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டு முறை வந்தது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும் சிறு கார்களை நோக்கி மக்கள் ஓடினர். எதிரிக்குப் படிப்பினை கற்பிக்கப் புறப்பட்ட பேரரசு, தன் வாகனத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று. 1957 மார்ச்சில், கையிருப்பிலுள்ள இயந்திரம் ஒன்றைக் கொண்டே மிகச் சிறிய கார் ஒன்றைச் செய்யும்படி இசிகோனிஸுக்கு லோர்ட் கட்டளையிட்டார்.

அவர் ஏ வரிசை இயந்திரத்தையே எடுத்தார். அதனைப் பாதியாக வெட்டியதுபோன்ற இரண்டு சிலிண்டர் இயந்திரமும் பரீட்சிக்கப்பட்டது. அதிர்வு தாங்க முடியாதிருந்தது. காரணம் எளியது. நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் தண்டு ஒவ்வோர் அரைச் சுற்றுச் சுழலும்போதும் ஒரு சிலிண்டர் எரிந்து உந்தும். மூன்று சிலிண்டரில் அந்த இடைவெளி முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு; இரண்டில் முழுச் சுற்று. உந்தலுக்கும் உந்தலுக்கும் இடையே இயந்திரம் தளர்ந்து துள்ளும். அன்று அந்தத் துள்ளலை அடக்கத் தேவையான இறப்பர்த் தாங்கிகளும், சமன்செய்யும் தண்டுகளும், மின்னணுக் கட்டுப்பாடும் இன்றைய தரத்தில் இருக்கவில்லை. இன்றைய மூன்று சிலிண்டர் கார் அமைதியாக ஓடுவது அவற்றால்தான். சிலிண்டர் குறைந்தால் உராயும் பாகங்களும் குறையும், எரிபொருள் மிஞ்சும் என்ற இலாபமும் அப்போது அவருக்குக் கைகூடவில்லை. எனவே நான்கையும் வைத்துக்கொண்டு, ஓட்டத்தைக் குறைத்து 848 கன சென்ரிமீற்றராக்கினார்.

பின்னர் அந்த இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப்பெட்டியை அதன் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இருத்தினார். முன்சில்லுகளே காரை இழுத்தன. சில்லுகள் 10 அங்குலம். சுருள்வில்லுக்குப் பதிலாக நண்பர் அலெக்ஸ் மோல்டனின் இறப்பர்க் கூம்புகள். பத்தடிக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் நால்வர் நிமிர்ந்து அமர இடம் கிடைத்தது. 1959 ஓகஸ்ட் 26ஆம் திகதி வெளியான அந்த மினி, வரியுடன் 500 பவுணுக்கும் குறைவாக விற்கப்பட்டது. தொடக்கத்தில் தளத்துக்குள் மழைநீர் புகுந்தது. முன்புறம் பார்த்தபடி இருந்த மின்பகிர்வான் நனைந்து கார் நடுவழியில் நின்றது. ஃபோர்ட் நிறுவனத்தார் ஒரு மினியைக் கழற்றிப் பார்த்து, ஒவ்வொரு காரிலும் கூட்டுத்தாபனம் நட்டமடைகின்றது என்று கணக்கிட்டனர். ஆயினும் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டே கார்லோ பந்தயத்தில் அதுவே வென்றது. 2000ஆம் ஆண்டு வரை 53 இலட்சத்துக்கு மேற்பட்டவை உற்பத்தியாகின.

மாருதி 800 உள்ளிட்டு இன்று நம் வீதிகளில் ஓடும் சிறு கார்களுள் மிகப்பெரும்பாலானவை, குறுக்கே இயந்திரமும் முன்சில்லு உந்தலும் கொண்டவையே. எனினும் கியர்ப்பெட்டியை இயந்திரத்தின் அடியில் வைத்த அவரது முறை நிலைக்கவில்லை. அதனை இயந்திரத்தின் பக்கத்தில் நீட்டி வைத்த இத்தாலியர் டான்டே ஜியாகோசாவின் முறையையே உலகம் ஏற்றது. புகழுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் உண்மை இது.

மனிதராக அவர் இணங்கிப் போகிறவர் அல்லர். வாங்குவோரின் விருப்பத்தைக் கேட்டறிவதை வெறுத்தார். கார் ஓட்டுபவர் மிக வசதியாக அமர்ந்தால் கவனம் சிதறும் என நம்பினார், வானொலி தேவையற்றதென்றார். மைனரிலும் மினியிலும் இந்தப் பிடிவாதம் பயன் தந்தது. 1964இல் வந்த பெரிய 1800 காரில் அதே பிடிவாதம் எதிர்பார்த்த விற்பனையைத் தரவில்லை. 1968இல் பிரித்தானிய லேலண்ட் உருவானதும் அவர் ஒதுக்கப்பட்டார். மினிக்குப் பதிலாக அவர் வடிவமைத்த, இன்னும் சிறிய காரான 9எக்ஸ் கைவிடப்பட்டது. 1969இல் சேர் பட்டம் கிடைத்தது. 1971இல் ஓய்வு பெற்றார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஸ்மைர்னாவிலிருந்து உடன் வந்த தாய், 1972இல் இறக்கும்வரை அவருடனேயே வாழ்ந்தார்.

1988 ஒக்டோபர் 2ஆம் திகதி பேர்மிங்ஹாமில் அவர் காலமானார். ஆறாண்டுகளின் பின் ரோவர் நிறுவனத்தையும் அதனுடன் மினியையும் ஜேர்மனியின் பிஎம்டபிள்யூ விலைக்கு வாங்கியபோது, அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த பேர்ன்ட் பிஷெட்ஸ்றீடர், தாய் வழியில் இசிகோனிஸுக்கு உறவினர்.

மைனரின் கதை அவருக்குப் பின்னும் நீண்டது. இங்கிலாந்தில் அக்கார்களைப் பழுதுபார்த்துவந்த பாத் நகரத்து நிறுவனம் ஒன்று, உடற்தகடுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்தது. 1990களில் நம் நாட்டுத் தொழிலாளர் தட்டி வளைத்த மொரிஸ் மைனர் தகடுகள் கப்பலேறி, அக்கார் பிறந்த நாட்டுக்குச் சென்றன.